பால் பைத்தானுக்கு ஒரு மண் சட்டி வீடு

பாம்பு வளர்க்கப் போகிறவர்கள் கூண்டின் அளவு, கூண்டைச் சூடாக்கும் மின்விரிப்பு (ஹீட் மேட்), தீனி என்று எல்லாவற்றையும் பத்துப் பேரிடம் விசாரிப்பார்கள். பாம்பு ஒளிந்துகொள்ளும் இடம் என்று வந்தால் மட்டும், கடையில் பார்க்க அழகாக இருப்பதை எடுத்துப் போட்டு முடித்துக்கொள்வார்கள். ஆனால் பாம்பு தன் பொழுதில் பெரும்பகுதியைக் கழிப்பது அந்த இடத்தில்தான். அது சரியில்லை என்றால் சாப்பாட்டைத் தொடாது, சட்டை ஒழுங்காக உரியாது, இராத்திரி முழுக்கக் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அலையும். எங்கள் வீட்டுப் பாம்பு வளர்ந்து, பழைய பிளாஸ்டிக் குகை போதாமல் போனபோது, புதிதாக ஒன்றை மண்ணில் செய்து வாங்கினேன். என்ன அளவு, ஏன் அந்த வடிவம், வேலூர் வெயிலில் அது எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

பாம்பின் பெயர் முத்து. பால் பைத்தான் (ball python), பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு. நீளம் மூன்றரை அடி, எடை 1.2 கிலோ. இருப்பது நான்கடிக்கு இரண்டடி பிளைவுட் பெட்டியில். முன்பக்கம் தள்ளு கண்ணாடி, மேலே கம்பிவலை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மூர் சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு எதையும் பிடித்து வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் ஆப்பிரிக்க இனம்தான், ஆனால் அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதனால் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவு கையில் இல்லாமல் பாம்பை வாங்காதீர்கள்.

கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் இந்தப் பாம்பு பகல் முழுக்க எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் கிடக்கும். இருட்டிய பிறகுதான் வெளியே வரும். வளைக்குள் முதுகும் விலாவும் மண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அப்படிப் பட்டால்தான் அதற்கு நிம்மதி. பெரிய அரண்மனை மாதிரி குகை வாங்கி வைத்தால் பாம்பு உள்ளே போகும், ஆனால் பத்திரமாக இருப்பதாக அதற்குத் தோன்றாது. சுருண்டு படுத்தால் சுவர் உடம்பைத் தொட வேண்டும், கூரை முதுகைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அந்த அளவுதான் சரி.

இன்னொன்று, மறைவிடம் இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூடு வேண்டுமென்றால் சூடான பக்கம் போகும், போதுமென்றால் குளிர்ந்த பக்கம் வரும். ஒளிய ஒரே ஒரு இடம் இருந்தால், வெளியே வரப் பயந்துகொண்டு சூடு தாங்காமலோ குளிரிலோ அங்கேயே கிடக்கும். பயத்துக்கும் சூட்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைப்பதுதான் நாம் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். ஒன்று வசதியாகவும் மற்றது ஒப்புக்கும் இருந்தாலும் இதே கதைதான், வசதியானதை விட்டு நகராது.

பெரும்பாலான குறிப்புகள் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் கவலையெல்லாம் சூடான பக்கத்தை எப்படிச் சூடாக வைப்பது என்பதுதான். வேலூரில் நிலைமை தலைகீழ். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரை இருந்தால் நல்லது. கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, காங்கிரீட் கூரைக்குக் கீழே இருக்கிற அறையே 35ஐத் தொடும். அப்போது சூடான பக்கம் தானாகவே வந்துவிடும். குளிர்ந்த பக்கம்தான் எங்கேயும் இருக்காது. 35க்கு மேலே மணிக்கணக்கில் இருப்பது பாம்பின் உயிருக்கே ஆபத்து. அதனால் முதல் வேலையாகக் கூண்டை மாடியிலிருந்து இறக்கி, கீழ்வீட்டில் வெயில் படாத சுவர் ஓரமாக வைத்தேன். அப்புறம்தான் மறைவிடத்துக்கு எந்தப் பொருள் என்ற யோசனை. வெயில் காலத்தில் குடிதண்ணீரைக் குளிர வைக்கிற அதே சுட்ட மண் இங்கேயும் உதவும் என்பது என் கணக்கு. பூச்சு இல்லாத மண் பாண்டம் தண்ணீரை உறிஞ்சி மேற்பரப்பில் கசியவிடும். அது ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும்.

பாம்புக்கும் மண் பானைக்கும் நம்மூரில் பழைய உறவு உண்டு. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில் விஷம் எடுப்பதற்காகக் கொண்டுவரும் நல்லபாம்பையும் விரியனையும் மண் பானைகளில்தான் வைத்திருக்கிறது. உள்ளே மணல், வாயில் பருத்தித் துணி கட்டியிருப்பார்கள். அது சில வாரங்களுக்கான தங்கல்தான், வளர்ப்புக் கூண்டு ஆகாது. ஆனாலும் இருட்டும் குளிர்ச்சியும் உள்ள பானைக்குள் நல்லபாம்பே அடங்கி உட்கார்ந்துவிடும் என்பதைப் பாம்போடு பிறந்து வளர்ந்தவர்கள் கையில் பார்க்கும்போது, இந்தப் பொருளில் எனக்கு நம்பிக்கை வந்தது.

காட்பாடி பக்கம் கரிகிரி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அந்த வட்டாரத்தில் சக்கரம் வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் போனேன். மீன் குழம்புச் சட்டி மாதிரி அகலமாக, தாழ்வாக ஒன்று வேண்டும், அதைக் கவிழ்த்து வைப்பேன், விளிம்பில் ஒரு வாசல் வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

"இன்னா தம்பி, கோழிக்குஞ்சு அடைக்கவா?"

"இல்லம்மா, பாம்பு வளர்க்கறேன். அது உள்ள போய்ப் படுத்துக்க."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் வேலைக்கு வந்துவிட்டார். "சுட்ட சட்டிய எடுத்தாந்து வெட்டித் தரச் சொல்லாத, கீறல் உடும். மண்ணு பாதி காஞ்சிருக்கச் சொல்லோ நானே அறுத்துக் குடுக்கறேன். நீ சொல்ற அளவுக்கு ஒரு விரக்கடை கூட வெச்சி அறுப்பேன், சூளைல சுருங்கும்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. மண் காயும்போதும் சுடும்போதும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். நமக்கு வேண்டிய அளவைச் சொல்லிவிட்டு, அது சுட்ட பிறகு இருக்க வேண்டிய அளவு என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சுட்ட பாண்டத்தைக் கட்டிங் வீலால் அறுக்கலாம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத முடி விரிசல் விழுந்து, தண்ணீர் ஊறி ஊறி ஒருநாள் பாம்பின் மேலேயே இரண்டாகப் பிளக்கலாம். பச்சை மண்ணில் கத்தியால் அறுத்து, ஈர விரலால் விளிம்பை வழித்துவிட்டால் வாசல் உருண்டையாக, கூர் இல்லாமல் அமைகிறது.

முத்து சுருண்டு படுத்திருக்கும்போது மேலிருந்து அளந்தால் 23 செ.மீ. வட்டம். சட்டியின் உள் விட்டம் 25 செ.மீ., உள் உயரம் 12 செ.மீ. என்று கேட்டேன். கூண்டுத் தரையில் 2 செ.மீ. தென்னை நார்க்கழிவு நிரப்புவதால் பாம்புக்குக் கிடைப்பது 10 செ.மீ. உயரம். வாசலுக்கும் இதே கணக்கு உண்டு. முத்துவின் உடம்பில் பருத்த இடம் 6 செ.மீ. அகலம், எலி விழுங்கிய பிறகு இன்னும் புடைக்கும். வாசல் 10 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம். அதில் 2 செ.மீ. தரை நிரப்பில் மறைந்துபோனாலும் 7 மிச்சம். உயரத்தைச் சட்டியில் மட்டும் அளந்துவிட்டு நிரப்பைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், நன்றாகச் சாப்பிட்ட பாம்பு நுழையும்போது இறுக்கும்.

வாசலை விளிம்பிலிருந்தே வளைவாக அறுக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் குகைகள், தேங்காய்ச் சிரட்டை வீடுகள் பலவற்றில் வாசல் என்பது சுவரின் நடுவே ஒரு வட்ட ஓட்டை. தலை போகும், உடம்பும் பாதி போகும், புடைத்த வயிறு மாட்டிக்கொள்ளும். பாம்பின் செதில் பின்பக்கமாகச் சரிந்தது. முன்னே போக வழுக்கிக்கொண்டு போகும், பின்னே வர மறுக்கும். மாட்டிய பாம்பு முறுக்கிக்கொண்டே செதிலைக் கிழித்துக்கொள்ளும். பீங்கானை உடைத்து, பிளாஸ்டிக்கை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். விளிம்போடு திறந்த வளைவாக இருந்தால் அந்தப் பேச்சே இல்லை. சட்டியை நேராக மேலே தூக்கினால் பாம்பு தரையில் அப்படியே இருக்கும். நான் இப்போது எந்த மறைவிடத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: பாம்பு உள்ளே எந்த நிலையில் இருந்தாலும், அதைத் தொடாமல் இதை மட்டும் மேலே எடுக்க முடியுமா? முடியாது என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். உடம்பு சரியில்லாத பாம்பைப் பார்க்கும்போதும், பயந்து சுருண்டிருப்பதை வெளியே எடுக்கும்போதும் இதன் அருமை தெரியும். கையை ஓட்டைக்குள் விட்டு இழுக்கிற வேலை பாம்புக்கும் வலி, நமக்கும் கடி.

சூளையிலிருந்து வந்த சட்டிகள் மூன்று. இரண்டு கூண்டுக்கு, ஒன்று மாற்றுக்கு. வாசல் விளிம்பையும் அடி விளிம்பையும் முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு மெல்லியது என்று தேய்த்தேன். கை விரல் சொல்வதை நம்ப வேண்டாம், விரல் தோல் தடிமன். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து விளிம்பு முழுக்க, உள்ளேயும் வெளியேயும் இழுத்துப் பாருங்கள். ஒரு இழை சிக்கினாலும் அங்கே இன்னும் முள் இருக்கிறது என்று அர்த்தம். பஞ்சு எங்கேயும் சிக்காமல் ஓடுகிறவரை தேய்க்க வேண்டும். சட்டை உரிக்கும் காலத்தில் புதுத்தோல் எவ்வளவு மென்மை என்று தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை அலுக்காது. தேய்த்த பிறகு தூசி போகக் கழுவி, தண்ணீரில் ஓர் இரவு மூழ்க வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சுண்டிப் பார்த்தேன். கணீர் என்று ஒலிக்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது.

வைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். சட்டி ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல். கனம் நல்லதுதான், முத்து முட்டினாலும் நகராது, கவிழாது. ஆனால் கனமான எதையும் நார்க்கழிவின் மேல் வைக்கக் கூடாது. பாம்பு ஓரத்தில் தோண்டி அடியில் நுழைந்தால் சட்டி சரிந்து அதன் மேலேயே அமுங்கும். அதனால் சட்டியின் விளிம்பை முதலில் வெறும் பிளைவுட் தரையில் ஆடாமல் உட்கார வைத்து, அதற்குப் பிறகுதான் உள்ளேயும் சுற்றிலும் நிரப்பைக் கொட்டினேன். சூடான பக்கச் சட்டிக்கு அடியில், பெட்டிக்கு வெளியே, ஹீட் மேட். சூடு ஏறினால் மேட்டை அணைத்து, இறங்கினால் எரியவிடும் தெர்மோஸ்டாட்டின் சென்சார் சட்டிக்கு உள்ளே, பாம்பு வயிறு படுகிற தரைமட்டத்தில். வெளியே தொங்கவிட்டால் அது காற்றின் சூட்டைச் சொல்லும், பாம்புக்குக் கீழே தரை கொதித்துக்கொண்டிருக்கும். சென்சார் ஒயரை எந்த டேப்பாலும் ஒட்டவில்லை. கூண்டுக்குள் செல்லோடேப், இன்சுலேஷன் டேப் எதுவும் கூடாது. பிசுபிசுப்புப் பக்கம் பெயர்ந்து செதிலில் ஒட்டினால் தோலோடு வரும். சின்ன பிளாஸ்டிக் கிளிப்பை மரத்தில் திருகி ஒயரைப் பிடித்தேன். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத மீன்தொட்டி சிலிக்கான் போதும். ஆனால் அதன் வினிகர் வாடை முழுக்கப் போகும்வரை பாம்பை உள்ளே விடாதீர்கள்.

இனி வெயில் கால வேலை. ஏப்ரல் வந்ததும் ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட்டே அணைத்து வைத்துவிடும். குளிர்ந்த பக்கச் சட்டியின் முதுகில் காலையிலும் மதியத்திலும் ஒரு டம்ளர் தண்ணீரைத் துணியால் ஒற்றி ஒற்றி ஊற வைக்கிறேன். ஊற்றினால் வழிந்து தரைக்குப் போய்விடும். நிரப்பு எப்போதும் சொதசொதவென்று இருந்தால் பாம்பின் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வந்து அழுகிவிடும். ஈரம் ஓட்டில் இருக்க வேண்டும், தரை காய்ந்தே இருக்க வேண்டும். அறை 35 டிகிரி காட்டும் மதியங்களில் இந்தச் சட்டிக்குள் 31 பக்கம் நிற்கிறது. குளிர்ந்த பக்கத்துக்குப் புத்தகத்தில் சொன்ன 26 இல்லை, ஆனால் கஷ்டத்துக்கும் ஆபத்துக்கும் நடுவில் அந்த நான்கு டிகிரி பெரிய விஷயம். மேலே கம்பிவலை இருப்பதால்தான் இது நடக்கிறது. காற்று போகாத பெட்டியில் ஈரம் உள்ளேயே தேங்கி, ஆவியாவது நின்று, புழுக்கம்தான் மிஞ்சும். அறை 37, 38 என்று போகும் நாளில் சட்டியை நம்பி இருக்காமல் ஏர்கூலரோ ஏசியோ போட்டுவிட வேண்டும். கரண்ட் போனால், ஈரச் சட்டி சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வித்தை செல்லாது. காற்றிலேயே ஈரம் இருப்பதால் சட்டி காயாது, உள்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அந்த மாதங்களில் தண்ணீர் தொடுவதே இல்லை. வாரம் ஒருமுறை மாற்றுச் சட்டியை வைத்துவிட்டு, பழையதை வெந்நீரில் கொதிக்க வைத்து, வெயில் தலைகாட்டும்போது காய வைக்கிறேன். மண் எல்லாவற்றையும் உறிஞ்சும் என்பதால் பினாயில், வாடை அடிக்கும் கிருமிநாசினி எதுவும் வேண்டாம். பினால் வகை மருந்துகள் ஊர்வனவற்றுக்கு விஷம். அந்துருண்டை, கொசுவத்தி, செருகி வைக்கும் கொசு மருந்து எதுவும் அந்த அறையிலேயே கிடையாது. கொசுவுக்கு ஜன்னலில் வலை அடித்திருக்கிறோம். மார்கழி, தை இரவுகளில் வேலூர் நன்றாகவே குளிரும். அப்போது கனமான மண் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஹீட் மேட் அணைந்து அணைந்து எரிந்தாலும் உள்ளே 31க்குக் கீழே இறங்குவதில்லை.

சட்டை உரிக்கும் காலத்துக்கு மூன்றாவதாக ஓர் ஈர மறைவிடம். கண் பால் நிறமாக மங்கியதும் உள்ளே வைத்து, உரித்து முடித்ததும் எடுத்துவிடுவேன். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே கழுவிப் பிழிந்த தென்னை நார்க்கழிவு. குடியாத்தம் பக்கம் தென்னந்தோப்புக்குக் குறைவில்லை, நார்க்கழிவுக்கும் பஞ்சமில்லை. ஆனால் உப்பு இருக்கும், தண்ணீர் தெளிவாகும்வரை அலச வேண்டும். கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது, உதிர்க்கவும் வர வேண்டும். டப்பாவின் வாசலும் மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி யு வடிவத்தில் வெட்டியதுதான், மூடியைத் திறந்தால் வாசலும் திறந்துகொள்ளும். வெட்டிய பிளாஸ்டிக் கத்தி மாதிரி இருக்கும். மீன்தொட்டிக் காற்றுக்குழாயை நீளவாக்கில் கீறி, விளிம்பில் இறுக்கமாகச் செருகிவிட்டேன். பசையே தேவைப்படவில்லை. ஏப்ரல், மே மாத வறட்சியிலும் முத்து கண்ணை மூடியிருக்கும் தோல் வரை ஒரே சட்டையாக உரிக்கிறது.

பலர் கேட்டுவிட்டார்கள், நம்மூரில் கல்லுக்கா பஞ்சம், நாலு கருங்கல்லை அடுக்கினால் குகை ஆயிற்றே என்று. மலையடிவாரத்தில் சுருட்டை விரியன் கல்லுக்கடியில்தான் இருக்கிறது, உண்மை. அங்கே கல் பல காலமாக மண்ணில் புதைந்து நிற்கிறது. கூண்டில் நாம் அடுக்கும் கல்லைப் பாம்பு ஒரு முட்டு முட்டினால் சரியும். அட்டைப்பெட்டி தற்காலிகத்துக்கு நல்லதுதான், புதிதாக வந்த பாம்புக்கு முதல் வாரங்களில் அதையே வைக்கலாம். நனைந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தெர்மோகோல் வேண்டாம், உதிர்கிறது. பிசின் வாடை அடிக்கும் மரங்களும் வேண்டாம். பைன், தேவதாரு வாடை பாம்பின் மூச்சுக்கு ஆகாது.

சட்டியை வைத்த இரவே முத்து சுற்றிச் சுற்றி நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுச் சூடான பக்கத்தில் நுழைந்துகொண்டது. புதிய மறைவிடம் வைத்தால் ஒரு வாரத்துக்குத் தூக்கிப் பார்க்கிற ஆசையை அடக்க வேண்டும், தீனியும் அதற்குப் பிறகுதான். இப்போது இரண்டு சட்டியிலும் மாறி மாறிப் படுக்கிறது. அப்படி மாறுவதைத்தான் நான் எதிர்பார்த்தேன். சாப்பிட்டதும் சூடான பக்கம், சித்திரை மதியத்தில் ஈரச் சட்டி. வாசலில் தலையை மட்டும் வைத்துக்கொண்டு எலிக்குக் காத்திருக்கும்போது பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு.

இதே அளவை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் பாம்பு சுருண்டிருக்கும்போது அளந்து, இரண்டு செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். கார்ன் ஸ்நேக் வைத்திருக்கும் நண்பருக்கு அதே அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்: உள் விட்டம் 18, உயரம் 9, வாசல் 7க்கு 7. அது ஒல்லி, ஏறித் திரிகிற பாம்பு. சூடு இன்னும் குறைவாகத்தான் தாங்கும். அதனால் அவருக்கு மூன்று சட்டி, குளிர்ந்த பக்கத்துக்கு மட்டும் இரண்டு.